ஆடிக்காற்றும் இரு சக்கரங்களும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலர் கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியத் தலைப்பு ஒன்றைச் சொல்லி ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்தபோது நூல்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. மனம் மட்டும் அங்கு இல்லை. அது எருத்தேன்பதியில், புளியமரத்தடியில், என் தந்தையார் கையில் சுழன்ற ஒரு மிதிவண்டிச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்று அறிவுறுத்த வந்த வள்ளுவர், தேரின் அச்சாணியை அன்றோ உவமையாகக் காட்டினார்? எனவே சக்கரத்தைப் பற்றி எழுதுவதும் இலக்கியத்துக்குப் புறம்பாகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இதனை எழுதத் தொடங்குகின்றேன். படிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க.

எருத்தேன்பதி என்னும் ஊரை நம்முள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லையோரத்தில் உள்ளது அது. சித்தூர்ப் பகுதி முன்னாளில் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது கேரளத்தில் நின்றது. ஆனால் வீட்டில் பேசுவதும், கோயிலில் வேண்டுவதும், சண்டையிடுவதும் தமிழில்தான். அரசு அலுவலகத்துத் தாள் மலையாளத்தில் வரும். அதைப் படித்துத் தமிழில் சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார். மேற்கே நெல் விளையும் பசுமையான பாலக்காட்டை எண்ணிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகின்றவர்கள் ஏமாந்துபோவார்கள். எங்களது மழை மறைவுப் பகுதி. பனையும் தென்னையும் நிலக்கடலையும் நிற்கும் மேட்டுநிலம்.

மழையில் குறை வைத்த இயற்கை, காற்றில் எங்களுக்குக் குறை வைக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் உயர்ந்து நிற்க, இடையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு வாயில் திறந்து கிடக்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அரபிக் கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைச்சுவரில் முட்டி நிற்காமல் இந்த வாயில் வழியே புகுந்து கோவைப் பக்கம் பாய்கின்றது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலும் காற்றாலைகள் எழுந்தது இதனால்தான். "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழி பிறருக்கு மிகைக்கூற்று. எங்களுக்கு அது அன்றாடச் செய்தி.

இந்த ஊரில், பேருந்து நிற்கும் முனையில், என் தந்தையார் மிதிவண்டிக் கடை வைத்திருந்தார். கடை என்பதும் பெரிய சொல்தான். நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. துளை கண்டுபிடிக்க ஒரு தொட்டித் தண்ணீர், காற்றடிக்கும் குழாய், பழைய டயர்கள் தொங்கும் ஒரு கிளை, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் ஆறு வண்டிகள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை 1949இல் நிறுவப்பெற்ற பிறகு நம் நாட்டுச் சிற்றூர்களில் எல்லாம் ஹெர்குலிஸ் வண்டி பரவியது. அந்தக் கறுப்பு வண்டியின் சக்கரம் 28 அங்குலம். முன்சக்கரத்துக்கு 32 கம்பி; பின்சக்கரத்துக்கு 40. நெல் மூட்டையும், பால் கேனும், சில வேளை நோயாளியும் அந்த நாற்பது கம்பிகளின்மேல்தான் ஏறிச் சென்றார்கள். சக்கரம் கோணிவிட்டால் கோட்டம் எடுக்க அப்பாவிடம் வருவார்கள். "பெண்டு எடுக்கறது" என்பது கடைப் பேச்சு. சக்கரத்தைச் சுழலவிட்டு, விரல் நகத்தை ரிம்மின் அருகே பிடித்து, எங்கே உரசுகின்றது என்று பார்ப்பார். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, வீணை நரம்பைச் சரிபார்ப்பவர்போல் காது கொடுத்துக் கேட்பார். அந்தக் கையின் கிரீசு மணத்தில்தான் நான் படித்தேன். அந்தக் காசில்தான் கோவைக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்தேன்.

அங்கேதான் நான் தவறு செய்தேன். விடுதித் தோழர்கள் தந்தையின் தொழிலைக் கேட்டபோது, "ஊரில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது" என்றேன். எங்களுக்குத் தென்னை பதினொன்று இருந்தன. ஆகவே அது முழுப் பொய் அன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைகுடாவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இச்சங்கத்து நண்பர்களும் என்னை ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை என்றே நினைத்திருக்கின்றீர்கள். யாரும் வற்புறுத்திக் கேட்டதில்லை. நானும் திருத்திச் சொன்னதில்லை.

இனி மகளின் கதைக்கு வருகின்றேன். அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் மும்முனைப் போட்டியில் ஈடுபாடு கொண்டாள். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒரே நாளில் முடிக்கும் போட்டி அது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 1974இல் இவ்வடிவில் முதன்முதலாக நடந்தது. 1978இல் ஹவாயில் 'அயர்ன்மேன்' என்னும் பெயரில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நம் நாட்டில் 2019இல் கோவாவில் அரை அளவுப் போட்டி தொடங்கியது: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம். அந்தக் கோவாப் போட்டிக்குத்தான் என் மகள் பெயர் கொடுத்திருந்தாள்.

பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய போட்டி வண்டியை அவள் தவணையில் வாங்கியிருந்தாள். முன்னே நீண்ட கைப்பிடிகளில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் வண்டி அது. சக்கரங்கள் மட்டும் சாதாரணமானவை. "போட்டிச் சக்கரம் வேண்டும் அப்பா. என்னிடம் அறுபதாயிரம் சேர்ந்திருக்கிறது. மீதியை நீங்கள் கடனாகக் கொடுங்கள், ஓராண்டில் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் கேட்டாள். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில், ரிம் மட்டும் ஒரு சாண் அளவுக்கு ஆழமாக, கம்பிகள் குட்டையாகத் தெரிந்த ஒரு சோடிச் சக்கரம். விலை இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். "சக்கரத்துக்கா இவ்வளவு? வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கு இது புரியாது" என்றாள். எனக்கா சக்கரம் புரியாது என்று சினம் வந்தது. ஆனால் அவளிடம் நான் சொல்லாத காரணம் வேறு. நான் பணிபுரிந்த இடத்தில் அவ்வாண்டு மூன்று மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. வீட்டாருக்கே அதைச் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழகியவனுக்கு மௌனமும் எளிதாகிவிடுகின்றது.

ஆடி மாதத்தில் இங்குப் பள்ளிகள் மூடும்போது நாம் எல்லோரும் ஊருக்குப் போவது வழக்கம் அல்லவா? நாங்களும் எருத்தேன்பதி சென்றோம். மகளும் பெங்களூரிலிருந்து வண்டியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்துசேர்ந்தாள். அப்பாவுக்கு எண்பதைக் கடந்த வயது. கடை மூடி ஆண்டுகள் பல ஆயினும், கருவிப் பெட்டி திண்ணையில்தான் இருந்தது. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காது மட்டும் கூர்மையாக இருந்தது.

போட்டிச் சக்கரத்துக்கு ஏன் அந்த விலை என்பதை மகள் எனக்கு விளக்கிச் சொன்னாள்; நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சமதரையில் செல்லும் மிதிவண்டிக்கு முதற்பகைவன் காற்றே. காற்றின் தடை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கின்றது; அதை வெல்வதற்கு வேண்டிய ஆற்றலோ மும்மடிக்கு ஏற்ப வளர்கின்றது. 30 கி.மீ. வேகத்தை 33 ஆக்க வேண்டுமானால், வேகத்தில் பத்தில் ஒரு பங்கே கூடுகின்றது. ஆனால் காற்றுக்கு எதிரான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். சக்கரத்தின் மேல்விளிம்பு, வண்டியைப்போல் இரு மடங்கு வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்கின்றது. கம்பிகள் ஒவ்வொன்றும் அந்தக் காற்றைக் கடைகின்றன. கம்பியைக் குறைத்து, ரிம்மை ஆழமாக்கினால் காற்று வழுக்கிச் செல்லும். சற்றே சாய்ந்து வரும் காற்று பாய்மரம்போல் முன்னே தள்ளவும் செய்யும். 1984 சனவரியில் மெக்சிகோ நகரில் இத்தாலியர் பிரான்செஸ்கோ மோசர், கம்பியே தெரியாத தட்டுச் சக்கரங்களைப் பூட்டிய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டினார். 1972இல் எடி மெர்க்ஸ் நிறுவிய 49.431 கி.மீ. சாதனை அத்துடன் வீழ்ந்தது. அன்றிலிருந்துதான் சக்கரத்தின் வடிவத்தை உலகம் கூர்ந்து நோக்கத் தொடங்கியது எனலாம்.

இவ்வளவும் உண்மையே. ஆனால் உண்மையின் மறுபாதியை நாங்கள் ஓர் ஆடிப் பகலில் கற்றோம்.

கோவையில் ஒருவர் தம் பழைய போட்டிச் சக்கரங்களை ஐம்பத்தைந்தாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். முன்னும் பின்னும் 80 மில்லிமீட்டர் ஆழம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுமாறு நம்பிக் கொடுத்தனுப்பினார். மகளின் முகத்தில் அன்று இருந்த ஒளியை நான் எப்படிச் சொல்வேன்! காலையில் காற்று எழுவதற்கு முன் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். "வண்டி பறக்கிறது அப்பா" என்றாள். நடுப்பகலில் மீண்டும் புறப்பட்டாள். நான் என் தம்பியின் மொபெட்டில் பின்தொடர்ந்தேன்.

மேற்கிலிருந்து கிழக்கே செல்லும்வரை காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. சாலை வடக்கே திரும்பியது. இருபுறமும் தென்னந்தோப்பு, ஓரிடத்தில் தோப்பு முடிந்து வெறும் நிலம். அந்த இடைவெளியில் காற்று ஒரு கதவு திறந்தாற்போல் பாய்ந்தது. ஆழமான முன்சக்கரம் அதனை ஒரு பலகைபோல் ஏற்றது, கைப்பிடி திரும்பியது, இடப்புற ஓரமாகச் சென்ற மகள், கண் இமைக்கும் நேரத்தில் சாலையின் வலப்புறத்துக்குத் தள்ளப்பட்டாள். எதிரே தேங்காய் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் புண்ணியவான், மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். என் மகள் வலப்புற ஓரத்து மண்ணில், வண்டியின்மேல் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். விழவில்லை, ஒரு கீறலும் இல்லை. "இந்தக் காத்துல இந்த மாதிரி வண்டியெல்லாம் ஓட்டலாமுங்களா?" என்று லாரிக்காரர் என்னைத்தான் கேட்டார். எனக்கு விடை வரவில்லை. வீடு திரும்பும்வரை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். நானும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

திண்ணையில் இருந்த அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்துவிட்டது என்று அறிந்துகொண்டார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ரெண்டு சக்கரத்தையும் கழட்டி இங்க கொண்டாங்க" என்றார். கொண்டுவந்து வைத்தோம். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை கம்பி, அம்மிணி?"

"முன்னால பதினெட்டு, பின்னால இருபத்திநாலுங்க தாத்தா."

"நாப்பது இருந்த எடத்துல இருபத்திநாலா? அப்போ ஒவ்வொரு கம்பியும் ரெண்டு பேரு வேலை செய்யுது. ஒண்ணு அறுந்தாலும் சக்கரம் அப்படியே கோணிக்கும்."

கரிய இழையால் ஆன ரிம்மை அவர் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் மடியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல், ரிம்மைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். எங்கும் ஒரே ஓசை. பின்சக்கரத்தில், காற்றடைக்கும் துளைக்கு அருகில் மட்டும் ஓசை மங்கியது. மீண்டும் தட்டினார், மீண்டும் மங்கியது. உள்ளே படலம் பிரிந்திருந்தால் அப்படி ஒலிக்கும் என்பதைப் பின்னர் நான் அறிந்தேன். ஓசை மட்டுமே தீர்ப்பு ஆகாது. ஆயினும் ஐயத்துக்கு அது போதும். கோவைக்காரருக்கும் அது தெரிந்திருக்காது என்றே நம்புகின்றேன். மறுநாளே சக்கரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரிடமும் சொன்னோம். நன்றி கூறினார்.

மகள் சோர்ந்துபோனாள். "நல்ல சக்கரம் வாங்கக் காசு இல்லை, காசுக்குக் கிடைக்கிற சக்கரம் நல்லதில்லை. பேசாமல் பெயரை எடுத்துவிடலாம்" என்றாள். அப்பா சிரித்தார்.

"முன்னால இருக்கறது வண்டிக்குக் கண்ணு மாதிரி, அம்மிணி. அதுதான் திரும்பற சக்கரம். அதுல காத்தடிச்சா வண்டியே திரும்பீரும். பின்னால இருக்கறது திரும்பாது; உம்பட பாரமெல்லாம் அதுமேலதான் இருக்குது. மறைக்கறதுன்னா பின்னாலதான் மறைக்கோணும். இதைக் கம்பி தெரியாம மூட முடியாதா?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூடலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஏழைகளின் வழி என்று அதை ஒதுக்கி வைத்திருந்தாள். சாதாரணப் பின்சக்கரத்தின் கம்பிகளை மறைக்கும்படி இருபுறமும் மெல்லிய தட்டு வைத்துத் திருகிவிட்டால், தட்டுச் சக்கரத்துக்கு மிக அருகில் பயன் கிடைத்துவிடும். எடை சிறிது கூடும். ஆனால் சமமான பாதையில் எடையைவிட வடிவமே முதன்மை. இத்தகைய போட்டிகளில் பின்சக்கரத்துக்கு மூடி இடலாம், முன்சக்கரத்துக்கு இடக்கூடாது. ஹவாயில் கோனா நகரத்து உலகப் போட்டியில் பக்கக்காற்றின் கொடுமையால் பின்சக்கரத்துக்கும் தட்டு கூடாது என்று விதி உண்டு. எழுத்தில் உள்ள அந்த விதியைப் படிக்காமலே, கணவாய்க் காற்றைப் படித்த கிழவர் ஒருவர் அதன் காரணத்தைச் சொல்லிவிட்டார் என்று எண்ணி நான் வியந்தேன்.

அன்றிரவு மூவரும் விளக்கடியில் அமர்ந்து கணக்கிட்டோம். 90 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடக்க 3 மணி நேரம். வேகம் அரைக் கி.மீ. கூடினால் மிச்சமாவது ஏறத்தாழ 3 நிமிடம். இந்த மூன்று நிமிடத்துக்குத்தான் இரண்டு லட்சம். அதே மூன்று நிமிடத்தை வேறு எங்கே தேடலாம்? காற்றின் தடையில் முக்கால் பங்கு அளவு ஓட்டுபவரின் உடலுக்கே உரியது. சக்கரங்களின் பங்கு சிறிது. ஆகவே தலையைத் தாழ்த்தி முழங்கையை ஒடுக்கி ஓட்டப் பழகுவது செலவில்லாத முதல் சக்கரம். 1989இல் பிரான்சு நாட்டுச் சுற்றுப்போட்டியின் இறுதி நாளில், 24.5 கி.மீ. ஓட்டத்தில், கிரெக் லெமாண்ட் முன்கைப்பிடியில் குனிந்து ஓட்டி, மூன்று வாரப் போட்டியை 8 வினாடியில் வென்றார். தோற்ற லோரான் ஃபிக்நோன் வண்டியிலும் தட்டுச் சக்கரம் இருந்தது. குனியும் கைப்பிடிதான் இல்லை. இரண்டாவது, டயர். தடித்த மலிவான டயரை மாற்றி, நல்ல மெல்லிழை டயரும், உள்ளே ரப்பர்பால் கொண்டு செய்த இளகிய குழாயும் இட்டால், தரையில் உருளும் தடை குறையும். அக்குழாய் ஓரிரவில் காற்றை இழந்துவிடும். போட்டி நாள் காலையில் மறவாமல் காற்றடிக்க வேண்டும். மூன்றாவது, பின்சக்கர மூடி. இம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. முன்சக்கரம், வண்டியோடு வந்த 30 மில்லிமீட்டர் ஆழமுள்ள அலுமினியச் சக்கரமே என்று முடிவாயிற்று. அவள் அறுபதாயிரத்தில் பாதிக்குமேல் மிச்சம்.

"அதுக்கு முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் பெண்டு எடுத்தாகோணும்" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் புளியமரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினோம். அப்பாவின் கை நடுங்கியதால் சிறு சாவியைத் திருப்ப இயலவில்லை. எனவே அவர் கம்பிகளைச் சுண்டிக் கேட்டுச் சொல்ல, மகள் சாவியைத் திருப்பினாள். "இது தளர்ச்சி. கால் சுத்து இறுக்கு. அவ்வளவு வேண்டாம், பாதி விடு." பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிட விறைப்பாக இருக்க வேண்டும், எனவே அவற்றின் ஓசை மேலேறி ஒலிக்கும். அந்த இரண்டு சுருதிகளையும் அவர் ஒவ்வொரு கம்பியாகக் காட்டிக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டாள். நகத்துக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு தாளின் இடைவெளி, சுற்று முழுதும் மாறாமல் நின்றது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிறுவயதில் அந்தச் சாவியை என் கையில் கொடுக்க அவர் எத்தனையோ முறை முயன்றிருக்கின்றார். "படிக்க வேண்டும்" என்று சொல்லி நழுவியிருக்கின்றேன். படிப்பு மட்டுமே காரணம் அன்று. கிரீசுக் கறையோடு பள்ளிக்குப் போக வெட்கம்.

மகள் உள்ளே சென்றதும் அப்பா மெல்லக் கேட்டார்: "உனக்குச் சம்பளம் நின்னுபோச்சா?"

திடுக்கிட்டேன். "யாருங்கப்பா சொன்னது?"

"பொண்ணு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்ற ஆளு இல்லை நீ. சொல்லும்போது கோபமும் வராது. அவகிட்டச் சொல்லீரு. காசு இல்லைங்கறது கோட்டம் இல்லைப்பா. அதை மறைச்சாத்தான் கோட்டம். நாளாக நாளாக எடுக்கறது கஷ்டம்."

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பே சொல்லியிருந்தால் நான் கேட்டே இருக்கமாட்டேனே அப்பா" என்றாள். "அதனால்தான் சொல்லவில்லை" என்றேன். "அது சரியில்லை" என்றாள். அவள் சொன்னதே சரி.

மிச்சப் பணத்தில் அவள் செய்த முதற்செலவு, தாத்தாவுக்குக் கோவா செல்லத் தொடர்வண்டிச் சீட்டு வாங்கியது. எண்பதாண்டு வாழ்வில் அவர் கண்ட கடல் கோழிக்கோட்டுக் கடல் ஒன்றுதான். அதுவும் ஒரே முறை. கொங்கண் இருப்புப்பாதையின் சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்தார். பாதியில் கணக்குத் தவறிவிட்டது என்று வருந்தினார். போட்டி நாளன்று விடியலில் கடற்கரையில் நின்றோம். ஒரு வண்டியின் விலையில் எங்கள் ஊரில் தோட்டமே வாங்கலாம் என்னும்படியான வண்டிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே, இருபுறமும் மூடி திருகிய பின்சக்கரத்தோடு எங்கள் வண்டியும் தொங்கியது.

அவள் வெல்லவில்லை, வெல்வதற்கும் போகவில்லை. 90 கி.மீ. தொலைவை 3 மணி 9 நிமிடத்தில் முடித்தாள். அவள் குறித்து வைத்திருந்த மூன்று மணிக்கு ஒன்பது நிமிடம் மிகுதி. இரண்டு லட்ச ரூபாய்ச் சக்கரம் இருந்தாலும் அந்த ஒன்பது நிமிடமும் முழுதாகக் கிட்டியிராது. ஓட்டத்தையும் முடித்து, உப்புப் பூத்த முகத்தோடு வந்தவளிடம் தாத்தா கேட்ட முதற்கேள்வி: "கம்பி ஒண்ணும் தளரலையே?"

"ஒண்ணுகூடத் தளரலைங்க தாத்தா."

அவர் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று விட்டு, நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

நம் பிள்ளைகளுள் சிலர் துபாயின் அல் குத்ரா பாலைவனப் பாதையில் வாரந்தோறும் வண்டி ஓட்டுவதை நான் அறிவேன். அவர்கள் சக்கரம் கேட்கும்போது பெற்றோர்க்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. முதலில் உடல் அமர்வைச் சரி செய்யச் சொல்லுங்கள், அதற்குப்பின் டயர், அதற்குப்பின் பின்சக்கர மூடி, கடைசியாகத்தான் புதுச் சக்கரம். முன்சக்கரத்தின் ஆழம், ஓட்டுபவரின் எடைக்கும் அவ்வூர்க் காற்றுக்கும் அடங்கியதாக இருக்கட்டும். பழைய சக்கரம் வாங்கினால் சுழலவிட்டுப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள், பிரேக் பிடிக்கும் பக்கம் தேய்ந்து குழிந்திருக்கின்றதா என்று தடவிப் பாருங்கள், அச்சுக்குடத்தில் கரகரப்பு உண்டா என்று கவனியுங்கள், பல்சக்கரம் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று கேட்டறியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் பணம் இல்லையென்றால் இல்லை என்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிடப் பெரியவர்கள்.

அப்பா இப்போதும் எருத்தேன்பதித் திண்ணையில் இருக்கின்றார். கோவாவிலிருந்து திரும்பிய அன்று, கம்பி முறுக்கும் அந்தச் சாவியை ஒரு துணியில் சுற்றி மகளிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் கொடுக்கவில்லை. அது நியாயமே. எனக்கு அவர் கொடுத்தது வேறு. அதைத்தான் இம்மலரில் இன்று செலுத்துகின்றேன்.

அன்பர்களே, நான் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லேன். எருத்தேன்பதிப் பேருந்து முனையில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவரின் மகன். அவ்வூரின் பாதிச் சக்கரங்கள் அவர் கையால் நேரானவை. முப்பது ஆண்டு கழித்து, இந்த ஒரு கோட்டமும் அவ்வாறே நேராயிற்று.